வளையல் சத்தத்துக்குப் பாயும் பூனை

வளையல்கடை வைத்திருப்பவளுக்கு, ஊரில் ஒரு பெண்ணை நினைத்தால் முகம் பிறகுதான் வரும், கை முதலில் வந்துவிடும். யாருக்குப் பெருவிரல் மூட்டு அகலம், யாருக்கு மணிக்கட்டில் மச்சம், யார் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொள்வாள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நயா பைசா வந்து எல்லாருக்கும் கணக்கு குழம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில், கட்டி முடிக்காமல் பாதியில் நின்ற மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை இருந்தது, அதற்குப் பின்னாலேயே வீடும். கயிற்றில் கோத்த வளையல் சரத்தை மலாரம் என்போம். எங்க வீட்டுக்காரர் மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வளைகாப்பு, கல்யாணம் என்று ஊர் ஊராகப் போவார். கடை என் பொறுப்பு.

கண்ணாடி விற்கிற கடையில் ஒரு பூனைக்குட்டியையும் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படிப்பீர்களானால், உங்கள் முன்னங்கையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் அந்த இடத்தில்தான் தழும்பு இருக்கிறது.

எலிக்காக வந்த குட்டி

வடக்கேயிருந்து வளையல் மரப்பெட்டியில் வரும். உடையாமல் இருக்க வைக்கோல் திணித்திருப்பார்கள். எலிக்கு அதைவிட வசதியான வீடு வேறென்ன வேண்டும்? பெட்டியைத் திறந்தால் வளையலுக்கு முன்னால் எலிக்குஞ்சுதான் கண்ணில் படும். பாலக்கரையிலிருந்து வருகிற ஸ்டெல்லா டீச்சர் எங்கள் வாடிக்கை. ஸ்கூல் பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் கொஞ்சம் கரகரப்பாகிப் போன அம்மாள். அவர்தான் ஒருநாள் பஸ்ஸில், கூடைக்குள் துணி போட்டு, சாம்பல் வரிகள் போட்ட ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும். சிட்டு என்று பேர் வைத்தேன்.

சிட்டு வந்த புதிதில் பெட்டி இடுக்கைவிட்டு வெளியே வராது. கூப்பிட்டால் நடுங்கும். ஒருநாள் பால் கிண்ணத்தை வைக்கும்போது என் கை வளையல் தற்செயலாகக் குலுங்கியது. உடனே ஒரு மூக்கு வெளியே வந்தது. அதிலிருந்து பால் வைக்கும்போதெல்லாம் கையைக் குலுக்குவேன். பிறகு விளையாட்டுக்கும் அதுவே ஆயிற்று. பாயில் கையை வைத்து வளையலைக் கிலுகிலுவென்று ஆட்டினால், பின்பக்கத்தை நெளித்துக் குறிபார்த்துப் பாய்ந்து கையைக் கட்டிக்கொள்ளும். அப்போது நகம் இருப்பதே தெரியாது, கூச்சமாகத்தான் இருக்கும். எங்களுக்குப் பிறந்தது ஒன்று, தங்கவில்லை. அதனால் மத்தியானப் பொழுதெல்லாம் எனக்கு அதோடுதான் போயிற்று. இரண்டு மாதம் வேடிக்கை பார்த்த எங்க வீட்டுக்காரர் ஒருநாள் மலாரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லா யோசனை பண்ணித்தான் செஞ்சியா? வளையல் சத்தம் கேட்டா பாயணும்னு ஒரு பூனைக்குக் கத்துக்குடுத்து, அதை வளையல்கடையில வெச்சிருக்க."

தெறித்த வளையல்கள்

அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது சித்திரை மாதத்தில். சமயபுரம் தேருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்திலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மஞ்சள் புடவை, காலில் செருப்பில்லை. புருஷன் வயிற்று ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கை நிறையப் புது வளையல் போட்டுக்கொண்டு போய்க் கும்பிட வேண்டும் என்று வந்திருந்தாள். சிவப்பில் ஒரு டஜன் எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, பெருவிரல் மூட்டை அமுக்கி ஏற்றிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அவள் கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

சிட்டு எங்கே படுத்திருந்ததோ தெரியாது. பறந்துவந்து அந்தக் கையைக் கவ்விக்கொண்டது. அவள் பயந்து கையை உதற, கை கடைப்பலகையில் மோத, அத்தனை வளையலும் தெறித்தன. கீறலில் ரத்தம் முத்து முத்தாக நின்றது. அதை அவள் பார்க்கவேயில்லை. தரையில் கிடந்த சிவப்புத் துண்டுகளைத்தான் பார்த்தாள். நான் பதறிப்போய் வேறு வளையல் எடுத்தேன், மஞ்சள் வைத்தேன், பூனையைத் திட்டினேன், அம்மன் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். இரண்டாவது டஜனைப் போட்டுக்கொள்ளக் கையைக் கொடுத்தாள். ஆனால் அந்தக் கையில் உயிரில்லை. படியிறங்கும்போது என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள்: "விடுங்கம்மா. உங்க பூனைக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

கல்யாணப் பெண்ணின் கை

இதற்கு நடுவில் சிரிப்பதற்கும் ஒன்று நடந்தது. உறையூரிலிருந்து ஒரு தாயும் மகளும் கல்யாண வளையல் எடுக்க வந்தார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் நாலைந்து நாள்தான். சிட்டுவை உள்ளே கட்டிப் போட்டிருந்தேன். அது கயிற்றைக் கடித்துவிட்டு வந்து, மருதாணி வைத்த கையில் முழங்கை வரைக்கும் மூன்று கோடு இழுத்துவிட்டது. பெண் அழுதாள். அம்மாக்காரி அழவில்லை, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பூனைக்குட்டி விளையாட்டுக்குக் கீறியதென்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிடலாமே என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு நம்புவா? மாமியாக்காரியைப் பார்த்துட்டு வந்து பொண்ணு தன்னைத்தானே பிறாண்டிக்கிச்சுன்னுதான் சொல்வாங்க. அந்தம்மாவைப் பார்த்தா எனக்கே அப்படித்தான் இருக்கு."

ஆளுக்கொரு வைத்தியம்

கடைக்கு வந்தவர்களில் வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. மூஞ்சியில் தண்ணீர் தெளி என்றார்கள். தெளித்தேன். அது தண்ணீரோடும் விளையாடக் கற்றுக்கொண்டது. பேப்பரைச் சுருட்டித் தரையில் அடி என்றார்கள். அந்தப் பேப்பரைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தது. மணிக்கட்டில் பெருங்காயம் தடவிக்கொள்ளச் சொன்னார்கள். சிட்டு பாய்வது நிற்கவில்லை, வந்தவர்கள்தான் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். உறைக்கிற மாதிரி நாலு அடி வை என்றவர்களும் உண்டு. அதற்கு எனக்குக் கை வரவில்லை.

கடைசியில் பாலக்கரைக்கே போய் ஸ்டெல்லா டீச்சரிடம் கையை நீட்டிக் காட்டினேன். கீறல்களை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். கவ்வினால் கையை இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது, அடிக்கவும் கூடாது என்றார். வளையல் போடும்போது கையை எப்படித் தளர விடச் சொல்கிறேனோ, அப்படியே தளரவிட்டு அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டுமாம். இழுத்தால் எலி, சும்மா கிடந்தால் வெறும் கை என்று அதுவே புரிந்துகொள்ளுமாம். அது விட்டவுடன் ஒரு துணிப்பந்தை உருட்டி, இதைக் கடி என்று காட்ட வேண்டும். சும்மாவா சொன்னார், நாலு பூனை வளர்த்தவர். நான் வீட்டில் அப்படியே செய்தேன், கொஞ்சம் அடங்கியும் வந்தது. ஆனால் மறுநாள் கடையில் பத்துப் பெண்கள் வீல் என்று கத்திக் கையை உதறுவார்கள். நான் பழக்கியதெல்லாம் அதோடு போய்விடும். மறுபடியும் போய்ச் சொன்னபோது டீச்சர் சலிக்காமல் சொன்னார்: "கடைய வெச்சுக்கிட்டு இதைப் பழக்க முடியாதும்மா. சந்தடியில்லாத ஒரு இடமும், அவசரப்படாத ஒரு கையும் வேணும்."

கூடைக்கு வெளியே

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் எங்கள் சந்து வழியாகத்தான் போகும். காதோலை, கருகமணி, ஆற்றில் விட வளையல் என்று எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சிட்டுவைப் பெரிய கூடையால் கவிழ்த்து மேலே கல்லை வைத்திருந்தேன். அத்தனை வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே அது அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்கு அடையவளைஞ்சான் வீதியிலிருந்து ஒரு அம்மாள் தன் இரண்டு பெண்களோடு வந்திருந்தாள். வாழைமண்டிக்காரர் வீடு. கூடவே அவளுடைய நாத்தனார் மரகதமும் வந்திருந்தாள், ஆனால் படியேறவில்லை. எதிர்ச்சுவரோரம், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். மரகதத்துக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அவள் கல்யாணத்துக்கு நான்தான் வளையல் போட்டேன். மெல்லிய கை, ஒரு வளையல்கூட உடையாமல் ஏறியது. ஒன்றரை வருஷத்தில் விஷக்காய்ச்சலில் புருஷன் போய்விட்டான், அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வளையல் போட எங்களைத் தாம்பூலம் வைத்து அழைப்பார்கள். அதை எடுக்கிற நாளில் யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. தெருவில் ஒருநாள் பார்க்கும்போது கை மொட்டையாக இருக்கும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். வளையல்கடைப் படியில் அப்படிப்பட்டவர்கள் ஏறக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவளும் ஏறவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கூட்டத்தில் யாரோ காலால் தட்டிக் கூடை சரிந்துவிட்டது. சிட்டு வெளியே வந்ததும் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு கைகளைத் தலைக்குமேல் தூக்கினார்கள். தூக்கிய கைகளில் வளையல் இன்னும் பலமாகக் குலுங்கியது. அது இங்கும் அங்கும் ஓடி மிரண்டு, தெருவைக் கடந்து மரகதத்தின் காலடியில் போய் ஒண்டிக்கொண்டது. அவள் குனிந்து இரண்டு கையாலும் எடுத்தாள். அது கீறவில்லை. பாயவும் இல்லை. அந்தக் கைகளில் முகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. கூச்சல் ஓய்ந்தது. ஆற்றுக்குப் போகிற அவசரத்தில் இருந்த ஒரு பெண், கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னாள், ஆனால் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "அதுக்குக்கூட ஆள் தெரியுது பாரேன்."

மத்தியான விருந்தாளி

அதற்கு அடுத்த வாரம், தெருவே உறங்குகிற மத்தியான வேளையில் கொல்லைக் கதவைத் தட்டினாள் மரகதம். கறிவேப்பிலை வேண்டும் என்றாள். எங்கள் கொல்லையில் கறிவேப்பிலை கிடையாது, அது அவளுக்கும் தெரியும். உள்ளே வரச் சொன்னேன். வளையல் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில், பாயில் உட்கார்ந்தாள். சிட்டு வந்து மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அதன்பிறகு பெரும்பாலும் தினமும் வந்தாள். நான் முன்னால் வளையல்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருப்பேன். அவள் பின்னால் பூனையைத் தடவிக்கொண்டிருப்பாள். அதிகம் பேச மாட்டாள். ஊரையே பிறாண்டிக்கொண்டிருந்த சிட்டு அவளிடம் மட்டும் பசு மாதிரி இருந்தது.

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அவளுக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் பாயில் விரலை நகர்த்தி நகர்த்தி அதைக் கூப்பிட்டுப் பார்த்தாள். துணிப்பந்தை உருட்டிப் பார்த்தாள். சிட்டு கொட்டாவி விட்டது. அந்த நேரம் கடையில் ஒருத்தி வளையலைக் குலுக்க, மடியிலிருந்து துள்ளிக் காதை விறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தது. மரகதம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளாகவே சொன்னாள்: "என்னைக் கண்டா எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு அடக்க ஒடுக்கமா ஆயிடறாங்கக்கா. இதுவுமா?"

கேட்டு வாங்கியது

புரட்டாசியில், மாசமாக இருந்த ஒரு பெண்ணின் வீங்கிய கையில் சிட்டு நகம் இறங்கிவிட்டது. எங்க வீட்டுக்காரர் அதுவரைக்கும் பொறுத்தவர், அன்றைக்குப் பொறுக்கவில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் தெரிந்த அரிசி மண்டியில் எலித்தொல்லை, கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. வளைகாப்புக்கு எங்களைக் கூப்பிடுவார்களா என்பதே சந்தேகமாகிவிட்டது. நான் மரகதத்திடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவளைக் கேளாமலே அவள் அண்ணனிடம் போய், சிட்டுவை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பேசினேன்.

வாழைமண்டிக்காரர் நல்ல மனிதர். தங்கை வாய்திறந்து ஒன்றும் கேட்டதில்லை என்கிற வருத்தம் அவருக்கும் இருந்தது. பூனை தாராளமாக இருக்கட்டும், ஆனால் இரண்டு பெண்பிள்ளைகள் கை நிறைய வளையலோடு ஓடியாடுகிற வீடு, அவர்களைக் கீறக் கூடாது, தீபாவளி கழித்து வந்து பார்க்கிறேன், அடங்கியிருந்தால் எடுத்துப்போகலாம் என்றார். எங்க வீட்டுக்காரரும் அதுவரைக்கும் காத்திருக்கச் சம்மதித்தார். ஸ்டெல்லா டீச்சர் சொன்ன சந்தடியில்லாத இடம் எங்கள் பின்னறை, அவசரப்படாத கை மரகதத்தின் கை என்று நான்தான் யோசனை சொன்னேன். டீச்சர் சொன்ன முறையையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். மரகதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் வெறுங்கையை வைத்துக்கொண்டு அதற்கு எதைப் பழக்குவது? சிட்டு ஏறிப் படுத்துத் தூங்கிவிடும். எனக்கு அது தோன்றவேயில்லை. அவளுக்குத் தோன்றியிருந்தது. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு வளையல் குடுங்கக்கா. பூனைக்குத்தான்."

இரண்டு பச்சை வளையல்

இப்போது படிக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா என்றிருக்கும். எனக்கு அப்படியில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பக்கம். ஊரெல்லாம் சுற்றுகிற என் வீட்டுக்காரருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்கிற பயம் இன்னொரு பக்கம். வளையல் போட்டுவிடுகிறவள் கைராசியைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பிழைப்பே. கடைசியில், "இதுவுமா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு, பூ வேலை ஒன்றுமில்லாத பச்சையில் இரண்டு எடுத்தேன்.

கையைப் பிடித்தேன், கட்டை மாதிரி விறைத்திருந்தது. அந்தக் கையை யாரும் பிடித்து எத்தனை காலமாயிற்றோ. "தளர விடும்மா" என்று எல்லாரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. இரண்டும் ஏறின. அவள் கையைப் பார்க்கவில்லை, சிட்டுவைப் பார்த்தாள். லேசாகக் குலுக்கினாள். சிட்டு காதை விறைத்தது, பின்பக்கத்தை நெளித்தது, ஒரே பாய்ச்சலாக வந்து கையைக் கட்டிக்கொண்டு கடித்துப் பின்னங்காலால் உதைத்தது. மரகதம் சிரித்துவிட்டாள். உடனே மற்ற கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்படியும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. மணிக்கட்டில் இரண்டு கோடாக ரத்தம் கசிந்தது. மஞ்சள்தூள் எடுக்கப் போன என்னைத் தடுத்தாள்: "இருக்கட்டும்க்கா. கொஞ்ச நேரம் எரியட்டும்."

பரீட்சை

மரகதம் வீட்டுக்குப் போகும்போது எண்ணெய் தடவி, வளையல் உடையாமல் நான்தான் கழற்றிவிடுவேன். போட்டுவிடுகிற தொழிலில், ஒரு கையிலிருந்து வளையலைக் கழற்றும் வேலையைத் தினம் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பேன், மறுநாள் எடுப்பேன். நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னறையிலிருந்து அந்தப் பச்சை வளையல் சத்தம் கேட்கும். பழக்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் கையில் கீறல் நாளுக்கு நாள் குறைய வேண்டும், ஏனோ கூடிக்கொண்டு வந்தது. ரவிக்கைக் கையை இறக்கித் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளி கழித்துச் சொன்னபடி அண்ணன் வந்தார், மனைவியும் சின்ன மகளும் கூட வந்தார்கள். சின்னவள் புதுப் பாவாடையும் கை நிறைய வளையலுமாக இருந்தாள். மரகதம் சுவரோரம் நின்றாள். பூனையைக் கூப்பிடு என்றதும் அந்தக் குழந்தை ஆசையாகக் கையை நீட்டிக் குலுக்கியது. அப்படி ஒரு பாய்ச்சலை நான் அதற்கு முன்னால் சிட்டுவிடம் பார்த்ததில்லை. பிரித்தெடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. குழந்தை அலறிக்கொண்டு அம்மாவின் இடுப்பில் ஏறிவிட்டது. அவள் மரகதத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அண்ணன் துண்டால் மகளின் கையைத் துடைத்துவிட்டு, தங்கையைப் பார்க்காமலே, "கோவிச்சுக்காத மரகதம். வேற என்ன வேணும்னாலும் சொல்லு, வாங்கித் தரேன்" என்றார்.

மறுநாள் அவள் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. எல்லாரையும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த அவகாசம். அசையாமல் வைக்கச் சொன்னேனே, இழுக்காமல் இருக்கச் சொன்னேனே, எங்கே தப்பு நடந்தது என்று படபடத்தேன். மரகதம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நான் பழக்கவே இல்லக்கா" என்றாள். "மொதநாளே நீங்க சொன்ன மாதிரி கையை அசைக்காம வெச்சுப் பார்த்தேன். அது மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டுத் தள்ளிப் போய் உக்காந்துச்சு. எனக்குத் தாங்கலை. பழகிட்டா அப்புறம் எங்கூட விளையாடாதே."

அரிசி மண்டி

இரண்டு நாள் பொறுத்து எங்க வீட்டுக்காரர் சிட்டுவைக் கூடையில் வைத்து மூடி பஸ் ஏறினார். அவருக்கும் மனசில்லை. வழியில் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சின்னக் கிண்ணம் ஒன்றை அவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் உள்ளேயே இருந்துகொண்டேன். கை அசைந்து வளையல் குலுங்கினால் அது கூடைக்குள்ளிருந்து எழுந்து பார்க்கும், அதைத் தாங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

அன்றைக்கும் மத்தியானம் மரகதம் வந்தாள். பின்னறையில், அதே பாயில் உட்கார்ந்தாள். துணியில் சுற்றிய வளையல்களை எடுத்து அவள் பக்கத்தில் வைத்து, இன்றைக்கும் போட்டுக்கொள் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று எனக்கு ஆகிவிட்டிருந்தது. அவள் துணியைப் பிரிக்காமலே என் பக்கம் நகர்த்திவைத்தாள். பூனை இல்லாமல் எதற்கென்று சொல்லிப் போட்டுக்கொள்வது? பிறகு அந்த மண்டிக்குப் பெண்கள் வருவார்களா என்று கேட்டாள். மூட்டை தூக்குகிற ஆம்பிளைகள்தான், வளையல் சத்தமே கேட்காது, யாரையும் பிறாண்டாமல் நிம்மதியாக இருக்கும் என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். மரகதம் எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "அப்ப நல்ல பூனைன்னு பேர் வாங்கிடும்க்கா" என்றாள்.

பூனைக்குட்டியின் கீறலுக்கு ஸ்ரீரங்கம் முழுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், அந்தக் கீறலைத் தேடியே வந்துபோன கைக்கு என்ன வைத்தியம் என்று கேட்டிருந்தால் அத்தனை பேரும் மொட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள், என்னையும் சேர்த்து.